கர்ப்ப காலத்தில் கொசு தரும் வைரஸ்: எதிர்ப்புச் சக்தி குறைவதுதான் காரணமா?

கேள்வி இதுதான்: கர்ப்பமாக இருக்கும்போது உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா போன்ற கொசு பரப்பும் வைரஸ் வந்தால் தாயின் உடலால் எதிர்க்க முடியாதா? வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் கண்டிப்பாகப் போய்விடுமா?

எந்த வைரஸ், எத்தனையாவது மாதம் என்று திருப்பிக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன மூன்றையும் பெரும்பாலும் ஒரே ஏடிஸ் கொசுதான் கொண்டுவருகிறது. ஆனால் கர்ப்பிணியின் உடலுக்குள் போனதும் மூன்றும் மூன்று வழியில் பிரிந்துவிடுகின்றன. ஒன்று கரு உருவாகும் மாதங்களிலேயே உள்ளே நுழையப் பார்க்கும். ஒன்று பிரசவ வலி எடுக்கும்வரை வாசலிலேயே நிற்கும். மூன்றாவது பெரும்பாலும் தாயோடு நின்றுவிடும், ஆனால் குழந்தைக்கு ஒரு பழைய பாக்கியை எழுதி வைத்துவிட்டுப் போகும்.

முதலில் அந்த 'எதிர்ப்புச் சக்தி குறையும்' என்ற பேச்சைப் பார்த்துவிடலாம். குழந்தையின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. வேறொருவரின் சிறுநீரகத்தை வைத்தால் நிராகரிக்கும் உடம்பு, பாதி அந்நியமான ஒரு உயிரை ஒன்பது மாதம் எப்படிச் சுமக்கிறது? 1953-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடாவர் இந்தக் கேள்வியை எழுப்பி, சாத்தியமான விடைகள் சிலவற்றையும் சொன்னார். தாயின் எதிர்ப்பு அமைப்பு மந்தமாகிவிடுகிறதோ என்பது அவற்றில் ஒன்று. எளிமையாக இருந்ததால் அதுதான் மக்கள் மனதில் தங்கிவிட்டது. உண்மையில் கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பையின் உள்சுவரில் நோய் எதிர்ப்பு செல்கள் குவிந்து கிடக்கின்றன. அங்குள்ள வெள்ளணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் 'இயற்கைக் கொல்லி' செல்கள். பெயர்தான் அப்படி. அந்த இடத்தில் அவற்றின் முக்கிய வேலை கொல்வது இல்லை, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக் குழாய்களை அகலப்படுத்த உதவுவது.

அதனால் சக்தி குறைகிறது என்பதைவிட, அதன் போக்கு மாறிக்கொண்டே இருக்கிறது என்பதே சரி. கரு ஒட்டிக்கொள்ளும் முதல் வாரங்களில் கருப்பையில் அழற்சி அதிகம். நடு மாதங்களில் அது அடங்கி, சகித்துக்கொள்ளும் நிலை வருகிறது. பிரசவம் நெருங்கும்போது மறுபடி அழற்சி கூடுகிறது. வலி தொடங்குவதிலேயே அதற்குப் பங்கு உண்டு. இந்த ஏற்ற இறக்கத்தின் எந்தப் புள்ளியில் வைரஸ் வந்து சேர்கிறது என்பது முக்கியம்.

இனி நஞ்சுக்கொடி. இந்தக் கதையின் பெரிய பாத்திரம் இதுதான். தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. இடையில் ஒரு தோல் மாதிரி படலம். இதன் விசேஷம், பல செல்கள் ஒன்றோடொன்று உருகிக் கலந்து ஒரே பெரிய செல்லாக ஆகியிருப்பது. மற்ற திசுக்களில் இரண்டு செல்களுக்கு நடுவே இடுக்கு இருக்கும், கிருமி அதன் வழியே நுழையலாம். இங்கே இடுக்கே கிடையாது. ஒன்பதாம் மாதம் இந்தப் படலத்தை விரித்துப் போட்டால் சுமார் 12 சதுர மீட்டர் வரும். ஒரு சிறிய அறையின் தரை அளவு. இது வெறும் சுவரும் இல்லை. வைரஸ் வருவதற்கு முன்பே, எப்போதும், இன்டர்ஃபெரான் லாம்டா என்ற எதிர்ப்புப் பொருளைச் சுரந்துகொண்டே இருக்கிறது. வைரஸ் வந்த பிறகு மணி அடித்து ஆளைக் கூப்பிடுவதுதான் பெரும்பாலான செல்களின் வழக்கம். நஞ்சுக்கொடி எப்போதும் விழித்திருக்கும் காவல்காரர். தாய்க்கு எத்தனையோ வைரஸ்கள் வந்தும் பெரும்பாலான குழந்தைகள் தப்பிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி, இவ்வளவு காவல் இருந்தும் ஜிகா எப்படி உள்ளே போனது?

ஜிகா வைரஸ் 1947-இல் உகாண்டாவின் ஜிகா காட்டில் ஒரு குரங்கின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அறுபது வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. லேசான காய்ச்சல், தடிப்பு, கண் சிவப்பு, அவ்வளவுதான். முதல் பெரிய பரவலே 2007-இல் பசிபிக் கடலின் யாப் தீவில்தான் பதிவானது. அப்புறம் 2013-இல் பிரெஞ்சு பாலினீசியா. 2015-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தபோதுதான், வடகிழக்கு மாநிலங்களில் தலை மிகச் சிறியதாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை திடீரென்று ஏறுவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். 2016 பிப்ரவரி 1-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை அறிவித்தது. கொசுக் கடியால் வரும் ஒரு வைரஸ் பிறவிக் குறைபாட்டை உண்டாக்கும் என்பது அதற்கு முன் மருத்துவம் அறியாத விஷயம்.

முதிர்ந்த நஞ்சுக்கொடியின் அந்த உருகிய படலத்தை ஜிகாவாலும் எளிதில் தொற்ற முடிவதில்லை. ஆனால் தொடக்க மாதங்களில் படலம் இன்னும் முழுமையடையவில்லை. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேர்விடும் இடங்களில் இருக்கும் செல்களுக்கு அந்த அளவு பாதுகாப்பும் இல்லை. அந்த வழியாக நுழைந்த வைரஸ், உள்ளே இருக்கும் ஹாஃப்பாவர் செல்களைப் பிடித்துக்கொள்கிறது. இவை குழந்தையின் பக்கத்துக் காவல் செல்கள், குப்பையையும் கிருமியையும் விழுங்குவதுதான் இவற்றின் தொழில். ஜிகா இவற்றுக்குள்ளேயே பெருகுகிறது, ஆனால் இவற்றைப் பெரிதாகச் சாகடிப்பதில்லை. காவல்காரரின் வீட்டிலேயே குடியேறிய மாதிரி. அங்கிருந்து குழந்தையின் ரத்தம், அப்புறம் மூளை. மூளையில் அது தேடிப் போவது நரம்பு செல்களை உருவாக்கும் மூலச் செல்களை. அவை சுறுசுறுப்பாகப் பெருகுவது முதல் சில மாதங்களில் என்பதால்தான் அந்த நேரத்துத் தொற்று அதிகச் சேதம் செய்கிறது. தலை சிறுப்பதோடு முடிவதில்லை. மூளையில் சுண்ணாம்புப் படிவு, கண்ணில் கோளாறு, மூட்டு இறுகிப்போதல் எல்லாம் வரலாம். பிறக்கும்போது தலை சரியான அளவில் இருந்து, பிறகு வளராமல் போன குழந்தைகளும் உண்டு.

இன்டர்ஃபெரானின் கையையும் ஜிகா கட்டிப்போடுகிறது. வைரஸின் என்எஸ்5 என்ற புரதம், இன்டர்ஃபெரான் தரும் செய்தியை செல்லுக்குள் கொண்டுபோகும் ஸ்டாட்2 என்ற புரதத்தை அழித்துவிடும். மனிதர்களில் இது நடக்கிறது, எலிகளில் நடப்பதில்லை. அதனால்தான் சாதாரண எலிக்கு ஜிகாவைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆய்வுக்கூடத்தில் இன்டர்ஃபெரான் ஏற்பி, அதாவது இன்டர்ஃபெரானை உணரும் புரதம், நீக்கப்பட்ட எலிகளையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

எல்லாத் தாய்மாருக்கும் இப்படி ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஜிகா வந்த கர்ப்பிணிகளுக்குப் பிறக்கும் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பாதிப்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. பெரும்பான்மைக் குழந்தைகள் தப்புகிறார்கள். சங்கடம் என்னவென்றால், தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. காய்ச்சல் வரவில்லை, அதனால் ஜிகா இல்லை என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஆய்வைச் சொல்லியாக வேண்டும். 2018-இல் வந்தது. ஒரே தாய் எலியின் வயிற்றில் இரண்டு வகைக் கருக்கள்: சிலவற்றுக்கு இன்டர்ஃபெரானை உணரும் ஏற்பி இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. தாய்க்கு ஜிகா கொடுத்தார்கள். எது சாகும் என்று நினைப்பீர்கள்? ஏற்பி இல்லாத, பாதுகாப்பு குறைந்த கரு என்றுதானே. நடந்தது தலைகீழ். இன்டர்ஃபெரானை உணர முடிந்த கருக்கள்தான் அழிந்தன, மற்றவை தொடர்ந்து வளர்ந்தன. வைரஸை எதிர்க்க எழுந்த அதே எதிர்வினை நஞ்சுக்கொடியின் வளர்ச்சியைக் கெடுத்துவிட்டது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது, உண்மைதான். ஆனால் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறோம்' என்று கர்ப்பிணிகளிடம் எதையாவது விற்க வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எலிகள்தான் ஞாபகம் வரும். கூடுவது எப்போதும் நல்லது என்று யார் சொன்னது?

சிக்குன்குனியாவின் கதை வேறு. 1952-இல் இன்றைய டான்சானியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது. மூட்டு வலியில் உடம்பு வளைந்து போவதைக் குறிக்கும் மகோண்டே மொழிச் சொல்தான் அதன் பெயர். இந்த வைரஸ் ஜிகாவைப் போல நஞ்சுக்கொடியின் செல்களுக்குள் புகுந்து குடியேறுவதில்லை. கர்ப்பத்தின் நடுவில் தாய்க்கு வந்து போனால் குழந்தைக்குப் போவது அபூர்வம். 2005-06-இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இது வந்தது. கர்ப்பிணிகளும் நிறைய. அப்போதுதான் ஒரு விஷயம் துலங்கியது. பிரசவ நாளையொட்டித் தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால், ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குத் தொற்று போகிறது. வலி எடுக்கும்போது கருப்பை சுருங்கச் சுருங்க, நஞ்சுக்கொடியில் நுண்ணிய விரிசல்கள் விழுந்து தாயின் ரத்தம் துளித்துளியாகக் குழந்தையின் பக்கம் கசிவதுதான் வழி என்று கருதப்படுகிறது. சிசேரியன் செய்தும் தடுக்க முடியவில்லை.

இதில் ஏமாற்றும் விஷயம், குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். மூன்று முதல் ஏழு நாளுக்குள் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, தடிப்பு, வீக்கம் என்று ஆரம்பிக்கும். சில குழந்தைகளுக்கு மூளை வரை பாதிக்கும். ஆகவே பிரசவத்துக்கு நான்கைந்து நாள் முன்போ பின்போ தாய்க்கு சிக்குன்குனியா சந்தேகம் இருந்தால், 'குழந்தை நல்லா இருக்கு' என்று மறுநாளே வீட்டுக்கு அழைத்துப் போகாமல் ஒரு வாரம் மருத்துவர் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தாயிடமிருந்து பாதுகாக்கும் ஆன்டிபாடி வருவதற்கு அந்தக் குழந்தைக்கு நேரமே கிடைத்திருக்காது. தாய்க்கே அது அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருக்கும்.

டெங்கு முதலில் தாயைத்தான் படுத்துகிறது. குழந்தைக்குப் போவது உண்டு, அதிகமும் பிரசவ நேரத்தையொட்டி. குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிரசவத்தின்போது ரத்தப்போக்கு ஆகியவை கவலைகள். ஆனால் நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. கர்ப்பத்தின் இயல்பான மாற்றங்கள் டெங்குவின் ஆபத்து அறிகுறிகளை மறைத்துவிடுகின்றன. டெங்கு முற்றினால் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும், ரத்தம் கெட்டியாகும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமாட்டோகிரிட் என்ற அளவு ஏறுவதைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். கர்ப்பத்திலோ ரத்தத்தின் நீர்ப்பகுதி 40-50 சதவீதம் கூடியிருக்கும், ஹீமாட்டோகிரிட் ஏற்கனவே தாழ்ந்திருக்கும். அது ஏறினாலும் மற்றவர்களின் சாதாரண அளவுக்கு வந்த மாதிரிதான் தெரியும். டெங்குவில் வெள்ளணு குறைய வேண்டும், கர்ப்பத்தில் அது இயல்பாகவே அதிகம். நாடித் துடிப்பு கூடியிருக்கும், ரத்த அழுத்தம் சற்றுக் குறைந்திருக்கும். வாந்தி வந்தால் மசக்கை என்று விட்டுவிடுவார்கள். தட்டணுக்கள் குறைந்து கல்லீரல் அளவுகள் ஏறினால், கர்ப்ப கால ரத்த அழுத்தத்தோடு வரும் ஹெல்ப் சிண்ட்ரோம் என்று குழம்பவும் இடமுண்டு. இதற்கெல்லாம் எளிய மருந்து ஒன்றுதான். முதல் நாளே ரத்தப் பரிசோதனை செய்து வைத்துக்கொண்டு, அதோடு தினமும் ஒப்பிடுவது. பொது அட்டவணையோடு ஒப்பிடுவது இங்கே உதவாது. காய்ச்சல் இறங்கும் நாள்தான் டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்கும் நாள் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது அந்தப் பழைய பாக்கி. தாயின் ரத்தத்தில் நீண்ட நாள் தங்கும் ஐஜிஜி வகை ஆன்டிபாடிகளை நஞ்சுக்கொடி தானாகவே அள்ளிக் குழந்தைக்குக் கொடுக்கிறது. சுமார் 13-ஆம் வாரம் தொடங்கி, கடைசி நான்கு வாரங்களில் மிக அதிகமாக. நிறைமாதத்தில் குழந்தையின் ரத்தத்தில் தாயைவிடக்கூட அதிக ஐஜிஜி இருக்கும். டெங்கு வந்து குணமான தாயின் ஆன்டிபாடி குழந்தையை முதல் சில மாதங்கள் காப்பாற்றும். அப்புறம் அது மெல்ல மெல்லக் கரைகிறது. வைரஸை மடக்கப் போதாத, ஆனால் அதோடு ஒட்டிக்கொள்ளப் போதுமான அளவுக்கு அது குறையும் கட்டத்தில்தான் வினை. அரைகுறையாக ஆன்டிபாடி ஒட்டிய வைரஸை நோய் எதிர்ப்பு செல்கள் தாமாகவே உள்ளே இழுத்துக்கொள்கின்றன, வைரஸ் உள்ளே போய்ப் பெருகுகிறது. டெங்குவுக்கு நான்கு வகைகள் இருப்பதால், பெரியவர்களுக்கு இரண்டாவது முறை வேறு வகை வரும்போது நோய் கடுமையாவதும் இதே காரணத்தால்தான். குழந்தைகளில் ஆறு முதல் ஒன்பது மாதத்தில், வாழ்க்கையின் முதல் டெங்குவே கடுமையாக வருவதற்கு இதுதான் விளக்கம். முதல் தொற்றுதானே, லேசாக இருக்கும் என்ற கணக்கு இந்த வயதில் பொய்த்துப்போகும்.

டெங்குவும் ஜிகாவும் நெருங்கிய உறவுக்கார வைரஸ்கள் என்பதால், முன்பு டெங்கு வந்தவருக்கு ஜிகா மோசமாகுமோ என்று ஆரம்பத்தில் பெரிய பயம் இருந்தது. மனிதர்களில் பார்த்தபோது அதற்கு மாறாகத் தெரிந்தது. முந்தைய டெங்கு ஜிகாவுக்கு எதிராக ஓரளவு காப்பாகவே இருந்தது. எதிர்த்திசையில்தான் சிக்கல், ஜிகா வந்தவருக்குப் பிறகு டெங்கு கடுமையாக வாய்ப்பு கூடுவதாக நிகரகுவாவில் செய்த ஆய்வு காட்டியது.

இந்த உறவு பரிசோதனையிலும் தலைவலி தரும். டெங்கு ஆன்டிபாடி பரிசோதனை ஜிகாவுக்கும் 'பாசிட்டிவ்' காட்டலாம், ஜிகாவினுடையது டெங்குவுக்கும். தொற்று வந்ததும் முதலில் உருவாகும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடி மாதக்கணக்கில் தங்கிவிடுவதும் உண்டு, அதனால் தொற்று கர்ப்பத்துக்கு முன்பா பின்பா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. காய்ச்சலின் முதல் சில நாள்களுக்குள் வைரஸையே நேரடியாகத் தேடும் பரிசோதனைகள், டெங்குவுக்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1, எல்லாவற்றுக்கும் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர், நம்பத் தகுந்தவை. 'நாலு நாள் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று கர்ப்பிணிகள் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு சின்னத் தகவல்: ஐஜிஎம் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் அது இருந்தால், குழந்தையே உற்பத்தி செய்தது என்று அர்த்தம்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போதும், மருத்துவர் சொன்ன அளவில். முதல் மூன்று மாதங்களில் கடும் காய்ச்சலே கருவின் நரம்புக் குழாய் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால் அதைத் தணிப்பது அவசியம். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். இப்யூபுரூஃபன் கர்ப்பத்தின் பின்பாதியில் குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயக் குழாயையும் பாதிக்கும். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ரத்தக்கசிவு, மூச்சுத் திணறல், அசதியில் துவண்டு போவது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனைதான்.

கொசுவைப் பொறுத்தவரை, ஏடிஸ் பகலில் கடிக்கும், தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும் என்பது எல்லோரும் அறிந்ததே. டீட் என்ற ரசாயனம் உள்ள கொசு விரட்டிப் பூச்சுகளை உறையில் சொன்னபடி பூசினால் கர்ப்பத்தில் பாதுகாப்பானவைதான். தேவையில்லாமல் பயந்து பூசாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். கர்ப்பிணிகளைக் கொசு அதிகம் தேடி வரும் என்ற பேச்சிலும் சாரம் இருக்கிறது. மலேரியா பரப்பும் கொசுக்களை வைத்து காம்பியாவில் செய்த ஆய்வில் கர்ப்பிணிகளிடம் இரண்டு மடங்கு கொசுக்கள் வந்தன. அவர்கள் 21 சதவீதம் அதிகக் காற்றை வெளிவிடுவதும் வயிற்றுச் சூடு 0.7 டிகிரி கூடியிருப்பதும் காரணமாகச் சொல்லப்பட்டன.

ஜிகா உடலுறவு மூலமும் பரவும். விந்தில் அது நீண்ட நாள் தங்குவதால், தொற்றுள்ள இடத்துக்குப் போய்வந்த ஆண் மூன்று மாதம், பெண் இரண்டு மாதம் கழித்துக் கர்ப்பத்துக்கு முயல்வது நல்லது. மனைவி ஏற்கனவே கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை ஆணுறை. ஜிகாவுக்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. டெங்குவுக்கு இப்போது இருப்பவை பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸால் ஆனவை என்பதால் கர்ப்பத்தில் போடுவதில்லை, வேண்டுமானால் கர்ப்பத்துக்குத் திட்டமிடுவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். தாய்ப்பாலை இந்த மூன்றில் எதற்காகவும் நிறுத்தத் தேவையில்லை, காய்ச்சலோடு இருக்கும்போதும் கொடுக்கலாம்.